ஃபத்வாவைக் கேட்டோம்; உரிமத்தைக் கேட்டோமா?

 

அமெரிக்காவில் பணிபுரியும் மகன் வீடு வாங்கப் போகிறான் என்ற செய்தி ஊருக்கு எட்டியதும் வாப்பா கேட்கும் முதற்கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வட்டி இல்லாமல்தானே வாங்குகிறாய்?" டாலஸில் வாழ்ந்தாலும் நியூஜெர்சியில் வாழ்ந்தாலும், அந்தக் கேள்விக்குத் தலைகுனியாமல் விடை சொல்லும் நிலையில் இருக்கவே நம் பிள்ளைகள் விரும்புகிறார்கள். கடல் கடந்து சென்ற பின்னும் ஹராமைப் பற்றிய அச்சம் உள்ளத்தில் நிலைத்திருப்பது அல்லாஹ் நம் சமுதாயத்திற்கு வழங்கியுள்ள பேரருள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அதே வேளையில் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியை வாப்பாவும் கேட்பதில்லை, மகனும் கேட்பதில்லை. "இந்த ஏற்பாட்டை உனக்குச் செய்து தருபவர் யார்? இத்தொழிலைச் செய்ய அவருக்கு உரிமம் உண்டா?" என்பதே அது.

எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்திற்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகே இதை எழுதத் துணிந்தேன். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் அறிமுகமானார். ஹலாலான முறையில் வீட்டுக்கு நிதி ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். முன்வரிசையில் தொழுகிறவர், பேச்சில் பணிவு இருந்தது. அவர் சொன்ன முறை மார்க்கத்திற்கு உடன்பாடானதா என்று அந்தக் குடும்பத்தார் இரண்டு ஆலிம்களிடம் கேட்டார்கள். கூடும் என்ற விடை கிடைத்தது. விண்ணப்பக் கட்டணம் என்று அவர் கேட்ட 1,500 டாலரைக் கொடுத்தார்கள். சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்தார்கள். வீட்டை விற்பவருக்கு முன்பணமும் கட்டினார்கள். ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட நாள் கடந்தது; நிதி வரவில்லை; முன்பணம் பறிபோனது. அவரிடம் கேட்டபோது, "நான் அந்த நிறுவனத்தின் ஆள் இல்லை; ஆள் சேர்த்துக் கொடுப்பவன்தான்" என்றார். அதன் பிறகே யாரோ ஒருவர், அரசின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கும் வழியைக் காட்டினார். அவர் பெயர் அதில் இல்லை.

ஆலிம்கள் இருவரும் தவறாக எதையும் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையையே சொன்னார்கள். கேட்கப்படாத கேள்விதான் அந்தக் குடும்பத்தை வீழ்த்தியது.

சட்டம் என்ன கேட்கிறது?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தருபவரை மக்கள் லோன் ஆபீசர் என்கிறார்கள். ஊதியத்தை எதிர்பார்த்து, வீட்டுக் கடனுக்கான விண்ணப்பத்தைப் பெற்று, அதன் நிபந்தனைகளை முன்வைத்துப் பேசி முடிப்பவர் எவரோ அவரே அடமானக் கடன் ஏற்பாட்டாளர் என்பது சட்டத்தின் பார்வை. இத்தொழிலில் ஒரு காலத்தில் பெருங்குழப்பம் நிலவியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதி. ஒரு மாநிலத்தில் மோசடி செய்து வெளியேற்றப்பட்டவர் அடுத்த மாநிலத்தில் புதிய மனிதராகக் கடை விரிக்க முடிந்தது. வருமானச் சான்றே இல்லாமல் கடன்கள் வழங்கப்பட்டன. வாடிக்கையாளருக்குத் தகுதிக்கு மேற்பட்ட வட்டி விகிதத்தைக் கட்டினால், கடன் கொடுக்கும் நிறுவனம் தரகருக்குக் கூடுதல் பணம் கொடுத்தது. தம்மை நம்பி வந்தவரை இடரில் தள்ளினால் தமக்கு இலாபம் என்ற நிலை அது.

அதன் விளைவை 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் உலகம் கண்டது. சிறுபான்மையினர் பட்ட பாடு அதிகம். கன்ட்ரிவைட் என்னும் கடன் நிறுவனம், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களிடம் கூடுதல் கட்டணம் பெற்றது, அல்லது அவர்களை அதிகச் செலவு பிடிக்கும் கடன்களுக்குள் தள்ளியது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2011 டிசம்பரில் 33.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அந்த வழக்கு முடிக்கப்பட்டது.

இந்தச் சூழலில்தான் 2008 ஜூலை 30 அன்று சேஃப் சட்டம் பிறந்தது. உரிமம் வழங்கும் அதிகாரத்தை அது மாநிலங்களிடமே விட்டது. ஆனால் எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஓர் அடிப்படை அளவை வகுத்தது. உரிமம் கோருபவர் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி ஆய்வுக்கு உட்பட வேண்டும். கடந்த 7 ஆண்டுகளுக்குள் கடுங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு உரிமம் இல்லை. அந்தக் குற்றம் மோசடியாகவோ நம்பிக்கைத் துரோகமாகவோ இருந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருந்தாலும் உரிமம் இல்லை. எந்த மாநிலத்திலாவது உரிமம் பறிக்கப்பட்டவருக்கும் கதவு மூடப்பட்டது.

பிறகு கல்வி. குறைந்தது 20 மணி நேரப் பாடம் பயில வேண்டும். அதில் கூட்டாட்சிச் சட்டங்களுக்கு 3 மணி நேரம். மோசடி, நுகர்வோர் பாதுகாப்பு, பாகுபாடற்ற கடன் ஆகியவற்றை உள்ளடக்கிய தொழில் நெறிக்கு 3 மணி நேரம். வழக்கத்திற்கு மாறான கடன் வகைகளுக்கு 2 மணி நேரம். தேர்வில் 75 விழுக்காடு பெற வேண்டும். தவறினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆறு மாதம். உரிமம் பெற்ற பிறகும் ஆண்டுதோறும் 8 மணி நேரப் பாடம் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பித்தலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் என்.எம்.எல்.எஸ். எண் என்ற தனி எண் வழங்கப்படுகிறது. வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் அந்த எண் மாறாது. யார் வேண்டுமானாலும் அந்த அமைப்பின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடிப் பார்க்கலாம். எந்தெந்த மாநிலங்களில் உரிமம் உண்டு, ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் எடுக்கப்பட்டதா என்பதையெல்லாம் அங்கே காணலாம்.

தரகரின் ஊதியத்தைக் குறித்தும் பின்னர் விதி வந்தது. 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டத்திற்குப் பிறகு, கடனின் வட்டி விகிதம் போன்ற நிபந்தனைகளைப் பொறுத்து அவருடைய ஊதியம் கூடவோ குறையவோ கூடாது. ஆள் அனுப்பிவைத்ததற்காக மட்டும் பணம் கைமாறுவதை 1974-ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. "ஆள் சேர்த்துக் கொடுப்பவன்தான்" என்று அந்தச் சகோதரர் சொன்னாரே, அந்தச் சொல் அவருக்குத் தப்பும் வழியாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது இன்னொரு சட்டத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும் சொல்.

இது நமக்கு அந்நியமானதா?

"இவையெல்லாம் மனிதர்கள் வகுத்த சட்டங்கள், நமக்கு மார்க்கம் போதும்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். மார்க்கத்தையே எடுத்துக்கொள்வோம்.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை அளித்து அதனால் தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. தகுதியின்றி ஒரு தொழிலில் கை வைப்பதே பொறுப்பைச் சுமத்துகிறது என்ற நெறி அதில் அடங்கியிருக்கிறது. மார்க்க விளக்கம் பெற்றவரே நம் கடைவீதியில் வணிகம் செய்யட்டும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் காண்கிறோம். வணிகத்திற்குக் கல்வித் தகுதி வேண்டும் என்ற எண்ணம் நம் கடைவீதியில் அன்றே வேரூன்றியது.

பிற்காலத்தில் அதுவே ஹிஸ்பா என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு ஒரு கையேடு எழுதினார். கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் மருத்துவ நூலில் தேர்வு வைத்துப் பார்த்து, அதில் தேறியவரையே தொழில் செய்ய விட வேண்டும் என்று அதில் சொல்கிறார். நாணயம் மாற்றுவோருக்கும் தனி அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அத்தொழிலில் இறங்குபவர் வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தல். தேர்வு, உரிமம், கண்காணிப்பு ஆகிய மூன்றும் 800 ஆண்டுகளுக்கு முன்பே நம் சந்தைகளில் பேசப்பட்டவைதாம்.

தரகர் மறைவாகப் பெறும் பணத்தைப் பற்றியும் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைச் சுட்டி இது உங்களுக்கு என்றும், மறு பகுதியைச் சுட்டி இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்றும் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பது அந்தக் கண்டனத்தின் உட்கருத்து. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஒருவரின் பொறுப்பாளராக நின்றுகொண்டு மறுபக்கத்திலிருந்து பணம் பெறுவது அமானிதத்தைக் குலைக்கும் என்பதை நாம் எந்த நாடாளுமன்றத்திடமும் கற்க வேண்டியதில்லை.

இரண்டு வாசல்கள்

ஆனால் இங்கே ஒரு தெளிவு வேண்டும். உரிமம் இருப்பதால் ஒரு தொழில் ஹலாலாகிவிடாது. வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தியை நாம் அறிவோம். வழக்கமான வட்டிக் கடனை ஏற்பாடு செய்து தரும் வேலையில் சேர்வதற்காக உரிமத் தேர்வு எழுதும் நம் இளைஞர்கள் இதைக் குறித்து ஆலிம்களிடம் தெளிவு பெறாமல் இறங்கக் கூடாது. மாநில அரசு கொடுக்கும் தாள் மறுமையில் வாதாடாது.

அதே போல், ஹலால் என்ற பெயர்ப்பலகை இருப்பதால் உரிமத்தின் தேவை நீங்கிவிடாது. "எங்களுடையது கடன் அல்ல, கூட்டுரிமை" என்று சிலர் நழுவுகிறார்கள். மார்க்க அடிப்படையில் அந்த வேறுபாடு உண்மையானது. முராபஹாவும் இஜாராவும் குறைந்துவரும் முஷாரகாவும் வட்டிக் கடன் அல்ல. ஆனால் அமெரிக்கச் சட்டம் பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கிறது. குவைத் ஐக்கிய வங்கியின் நியூயார்க் கிளை முன்வைத்த இஜாரா திட்டத்தை 1997-லும், முராபஹா திட்டத்தை 1999-லும் தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பொருளாதார விளைவில் அவை வங்கிகள் செய்யும் நிதியுதவிக்கு நிகரானவை என்ற வாதமே அப்போது அவற்றுக்குக் கதவைத் திறந்தது. அந்த வாதத்தால் உள்ளே வந்த நாம், உரிமம் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் அதை மறுக்க முடியாது. இன்று அங்கே முறையாக இயங்கும் ஹலால் வீட்டு நிதி நிறுவனங்கள் உரிமம் பெற்றே இயங்குகின்றன. அவற்றின் அலுவலர்களுக்கும் எண் உண்டு.

இதனால் ஒரு சங்கடமும் எழுகிறது. சட்டம் வகுத்த படிவங்களில், ஹலால் ஒப்பந்தமானாலும் வட்டி என்ற சொல் இடம்பெறக்கூடும். அதைக் கண்டு பதறி, படிவமே தராத ஒருவரிடம் ஓடுவதுதான் பேராபத்து. மார்க்கத் தீர்ப்பு அச்சிட்ட ஒரு சொல்லில் தொங்குவதில்லை. ஒப்பந்தத்தின் மெய்யான தன்மை என்ன, உடைமையும் இழப்பும் யார் தலையில் விழுகின்றன என்பதை அந்தத் துறையறிந்த ஆலிமிடம் கேட்டறிய வேண்டும்.

ஆகவே, மார்க்கம் ஒரு வாசல். உரிமம் ஒரு வாசல். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. உரிமத் தேர்வில் முராபஹாவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஃபத்வாவில் கைரேகையை எவரும் ஆய்வதில்லை.

உரிமம் பெற்றவர்கள் ஏமாற்றுவதில்லையா?

ஏமாற்றுகிறார்கள், மறுப்பதற்கில்லை. 2022 ஜனவரியில் மாநில நிதித் துறைகள் ஒரு நடவடிக்கையை அறிவித்தன. ஆண்டுதோறும் பயில வேண்டிய பாடத்தைப் பயிலாமலேயே பயின்றதாகக் காட்டிக்கொண்ட 400-க்கும் மேற்பட்ட கடன் ஏற்பாட்டாளர்கள் சிக்கினார்கள். உரிமத்தை மூன்று மாதம் ஒப்படைப்பதற்கும், உரிமம் பெற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1,000 டாலர் வீதம் அபராதம் கட்டுவதற்கும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பாடத்தில் தொழில் நெறியும் ஒரு பகுதி என்பதை எண்ணிப் பாருங்கள். நேர்மையைப் பற்றிய வகுப்பிலேயே பொய் வருகை!

இச்செய்தி இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. சட்டம் மனிதனின் கையைப் பிடிக்கலாம், உள்ளத்தைத் திருத்தாது. தக்வா இல்லாத இடத்தில் இருபது மணி நேரப் பாடமும் ஒரு சடங்காகிவிடும். இது முதல் உண்மை. அவர்கள் பெயர் பதிவேட்டில் இருந்ததனால்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது என்பது இரண்டாவது. பறிக்க ஓர் உரிமம் இருந்தது. விதிக்க ஓர் அபராதம் இருந்தது. பதிவேட்டில் இல்லாதவரிடம் எதைப் பறிப்பது? நான் சொன்ன அந்தக் குடும்பத்தார் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் திகைத்து நின்றதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

வங்கியில் நேரடியாகப் பணிபுரியும் அலுவலர்களுக்கு மாநிலத் தேர்வு இல்லை. கூட்டாட்சிப் பதிவு மட்டுமே உண்டு என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்களுக்கும் எண் உண்டு. தேடினால் பெயர் கிடைக்கும். நாம் கேட்பதும் அந்தக் குறைந்தபட்சத்தைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

வீடு வாங்கப் போகும் சகோதர, சகோதரிகள் ஒரு டாலர் கொடுப்பதற்கு முன், ஓர் ஆவணத்தைக் கையளிப்பதற்கு முன், என்.எம்.எல்.எஸ். எண்ணைக் கேளுங்கள். வாங்கும் வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் உரிமம் உண்டா என்று பாருங்கள். டெக்சாஸ் உரிமத்தை வைத்துக்கொண்டு நியூஜெர்சி வீட்டுக்கு ஏற்பாடு செய்ய முடியாது. கலிபோர்னியாவில் உரிமம் வழங்கும் துறைகள் இரண்டு. எதில் பெற்றார் என்று கேளுங்கள். அவர் ஊதியம் யாரிடமிருந்து, எவ்வளவு வருகிறது என்று எழுத்தில் பெறுங்கள். பிறகு மார்க்கக் கேள்விகளுக்கு வாருங்கள். ஒப்பந்தத்தை ஆய்ந்த ஆலிம்கள் யார்? தவணை தவறினால் என்ன நடக்கும்? அபராதம் எங்கே போகும்?

கேட்டால் மனம் புண்படுமே என்று தயங்காதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் கட்டளையிடும் இறைவசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அது பகைவர்களுக்காக அருளப்பட்டதன்று. ஒருவரையொருவர் நம்பும் ஈமான் கொண்டவர்களை அழைத்தே அது தொடங்குகிறது. எழுத்தும் சாட்சியும் சகோதரத்துவத்திற்கு இழுக்கல்ல என்றால், ஓர் எண்ணைக் கேட்பது எப்படி இழுக்காகும்? நேர்மையானவர் கேட்பதற்கு முன்பே தம் விசிட்டிங் கார்டில் அதை அச்சிட்டிருப்பார்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளுக்கு மக்கள் பள்ளிவாசலின் மதிப்பையே கொடுக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டறிந்து கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வழிமுறை உங்களுக்கும் உரியது. வீட்டு நிதி பற்றிய விளம்பரம் எதுவானாலும் உரிம எண் இல்லாமல் ஏற்பதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நம் இளைஞர்களிடம் கடைசியாக ஒரு சொல். இருபது மணி நேரப் பாடமும் ஒரு தேர்வும் கடக்க முடியாத மலையல்ல. வணிகவியல் ஃபிக்ஹை ஆழமாகக் கற்று, உரிமமும் பெற்று, ஹலாலான நிறுவனங்களில் அமர்பவர்கள் நம்மிலிருந்து உருவாகட்டும். அப்படிப்பட்டவர்கள் போதிய அளவில் இருந்திருந்தால், என் நண்பரின் குடும்பம் பள்ளிவாசல் வாயிலில் அறிமுகமில்லாத ஒருவரை நம்பியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்மையில் மீண்டும் வீடு தேடத் தொடங்கியிருக்கிறார்கள். இம்முறை வாப்பாவின் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டார்கள்.

நம் உழைப்பின் பொருளையும் நம் ஈமானையும் ஒருசேரக் காத்துக்கொள்ளும் விவேகத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.